காரம்

வெள்ளை வில்லைகளைத் தண்ணீரில் போட்டால்
தண்ணீர் தானாகவே கொதிக்கும்,
அடுப்பில்லாமல், யாரும் கேட்காமல்.
ஒரு நாள் ஆறவிட வேண்டும்.
ஆறுமுன் தொட்டதற்கு என் இடது மணிக்கட்டில்
கடிகார வாரின் கீழே ஒரு தழும்பு.
மணி பார்க்கும்போதெல்லாம் அதையும் பார்க்கிறேன்.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
சாம்பலுக்குக் காரம் போடுகிறேன் என்பேன்.
சிரிப்பார்கள்.
கங்கைகொண்டான் கொட்டகையில் நடப்பது அதுதான்.

சாம்பல் உச்சிமாகாளி கொண்டுவருவது.
தூத்துக்குடி அனல்நிலையத்தில் விடியுமுன் நிரப்பி
வல்லநாடு தாண்டி
எட்டரைக்கு வந்து நிற்பார்,
இமைமயிர் வரைக்கும் வெளுத்து.
உமிச்சாம்பல் வீரவநல்லூர் ரைஸ்மில்லில் இருந்து.
கசடு, சேலத்து உலையில் இருந்து.
எல்லாம் வேறு யாரோ தின்று துப்பியது.

பக்கத்தில் தாழையூத்தில்
ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரியில் வேகும்போது
சுண்ணாம்புக்கல்
கோடி வருடம் அடக்கிய மூச்சை விட்டுவிடுகிறது.
அந்த மூச்சுதான் சிக்கல்.
எங்களிடம் சூளை இல்லை.
கறுப்புத் தார்ப்பாய் இருக்கிறது,
அதன்மேல் கத்திரி வெயில்.

பெருமை பேச ஒன்றுமில்லை.
காஸ்டிக் சோடாவை உப்பிலிருந்து பிரிக்க மின்சாரம்,
மின்சாரத்துக்கு நிலக்கரி,
நிலக்கரி எரிந்தால் மறுபடி சாம்பல்.
மெர்லின் மேடம் அதையும் சேர்த்தே கணக்கு எழுதுவார்,
பென்சிலால்.
"கரி எரிக்கதையே நிறுத்திட்டாம்னா
சாம்பலுக்கு எங்க போவிய?"
உச்சிமாகாளி ஒருநாள் கேட்டார்.
நிறுத்தினால் நல்லதுதானே என்றேன்.
"எனக்கா?" என்றார்.

முதல் கலவை சித்திரையில் டிரம்முக்குள்ளேயே இறுகிவிட்டது.
மூன்று நாள் உளி வைத்துக் கொத்தினோம்.
எட்டிப் பார்த்தவர்,
"எம்மா, இம்புட்டுக் கெட்டியா இருக்கே, இதையே விக்கலாமே."
அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

இருபத்தெட்டாம் நாள்
கட்டி எந்திரத்துக்குள் போகும்.
முள் ஏறும். ஐநூறு. அறுநூறு.
காரணமில்லாமல் யாராவது மின்விசிறியை நிறுத்துவார்கள்.
எழுநூற்றுத் தொண்ணூறில் ஒரு சத்தம்,
அடுத்த அறையில் யாரோ முறுக்குக் கடித்ததுபோல.
ஒழுங்காக உடைந்த கட்டி
இடை சிறுத்து உடுக்கை மாதிரி நிற்கும்.
அந்த உடுக்கை இப்போது என் மேசையில்,
பில்கள் பறக்காமல் இருக்க.

மேலப்பாளையம் சந்தைக்கு நாலாயிரம் கல் போயிற்று.
ஐப்பசி மழை விட்ட மறுநாள் போனில் மீரான் கனி:
"உங்க கல்லு பூரா வெள்ளையா பூத்துக் கெடக்கு,
தேமல் மாரி. ரூவா கேட்டுறாதிய."
காரம் ஒரு கை கூடிவிட்டது,
ஈரத்தோடு மேலேறிக் காற்றைத் தொட்டு உப்பாகப் படிந்தது,
வலு குறையாது என்றேன்,
எனக்கே பிடிக்காத பாடப்புத்தகக் குரலில்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
கல் கொஞ்சம் சத்தமாக நினைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நேரில் போனேன்.
துண்டுக்கடியில் விரல்கள் விலை பேசிக்கொண்டிருந்தன.
ஒரு கன்னியாடு முன்காலை மடக்கி
கல்லை நக்கியது.
பக்கத்தில் ஒரு கிடா. பிறகு குட்டிகள்.
கயிற்றை இழுத்தாலும் வரவில்லை.
சந்தையின் கிழக்கு ஓரம்
நக்கி நக்கிச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது.

மீரான் கனி பார்த்தார். நானும்.
"ஆட்டுக்கு ஒண்ணும் ஆவாதே?"
"நெறைய நக்கினா வயித்தால போகும்."
ஆட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து,
"எந்த ஊரு உப்பு?" என்றார்.

பாதி ரூபாய் கிடைத்தது.
மீதி அடுத்த மழைக்குப் பிறகு, பூக்காவிட்டால்.
பேருந்தில் கடிகாரத்தைக் கழற்றி
நோட்டை மடியில் விரித்து
காரத்தின் அளவைக் குறைத்து எழுதினேன்,
பென்சிலால்.